ஒன்பதாவது வாரப் படிவம்

கிள்ளான்,
17 நவம்பர், திங்கட்கிழமை

அன்புள்ள வைஷ்ணவிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும், வாசல் மாமரமும், போர்ச்சில் நிற்கும் நம் மின்சாரக் காரும் சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே ஸ்வீடன் குளிரில் நீயும் உன் இடது முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்புகிற அம்மா திடீரென்று கூரியரில் கடிதம் அனுப்புகிறாளே என்று பதறாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பிரஷர் மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுகிறேன், போன வாரம் கிளினிக்கில் பார்த்தபோது நூற்று இருபத்தெட்டு. உன் ஆபீஸ் வேலை சம்பந்தமாக நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் வெள்ளிக்கிழமை ஒரு தடவை, சனிக்கிழமை ஒரு தடவை உன்னைக் கூப்பிட்டேன், இரண்டு தடவையும் ரசத்துக்கு என்ன பருப்பு போட்டாய் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் என் வாய் வேறு எங்கோ போகிறது. தாளில் எழுதினால் நடுவில் நீ அம்மா, அம்மா என்று குறுக்கே வர மாட்டாய். என் வழக்கப்படி கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுமையாகப் படி.

முதலில் நல்ல செய்தி. நம் கார் இப்போது நூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு புள்ளி எட்டு யூனிட்தான் சாப்பிடுகிறது. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் உன் சித்தப்பா மெய்யப்பன் அதே காரை, அதே மாதத்தில், அதே வெள்ளை நிறத்தில் வாங்கினாரே, அவருடையது பதினாறுக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. ஏர்கோனைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு, பச்சை விழுந்த உடனே பறந்தால் எப்படி இறங்கும்? நான் இருபத்தாறில் வைத்து, வேர்த்தால் கைக்குட்டையால் துடைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமைதோறும் டயருக்குக் காற்று பார்க்கிறேன். காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் கிடந்த இரண்டு மடக்கு நாற்காலி, கோயில் அன்னதானத்துக்குக் கொண்டுபோன குண்டான், பத்து கிலோ அரிசி எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். சித்தப்பா இதையெல்லாம் நம்புவதாக இல்லை, 'அண்ணி, நீங்க இறக்கத்துல மட்டும் ஓட்டுறீங்களா?' என்று கேட்கிறார். சரி வாருங்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கெந்திங் மலைக்கு ஏறி இறங்கிக் காட்டினேன். ஏறும்போது பேட்டரி மளமளவென்று குறைந்தது, அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இறங்கும்போது பிரேக்கை மிதிக்காமல், காரே வேகத்தைப் பிடித்துக் கரண்டாக மாற்றிக்கொள்ளும்படி நிதானமாக விட்டேன், ஆறு சதவீதம் திரும்ப ஏறிவிட்டது. அடிவாரம் வந்து சேர்ந்ததும் குளிரக் குளிர ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்துத்தான் மனிதரைச் சமாதானப்படுத்தினேன். அந்த யூனிட் நம்பர் திரையின் ஓரத்தில் சின்னதாக ஓடிக்கொண்டே இருக்கும் இல்லையா, அதைப் பார்க்காமல் ஓட்டவே முடியாது என்கிற அளவுக்கு எனக்கு அது பழகிவிட்டது. அது நல்ல பழக்கம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

இந்தக் காருக்குப் பார்வை கொடுக்கிற வேலையைத்தான் உங்கள் கம்பெனி செய்கிறது என்று நீ சொன்னதால்தானே இதையே வாங்கினேன். வெயில் நாட்டில் இருக்கும் ஊழியர் குடும்பங்கள் இதை ஓட்டிப் பார்த்து, ஞாயிறுதோறும் போனில் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும் என்று நீ ஆகஸ்டில் கேட்டாய். எனக்கு மறுபடியும் உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேநீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை படித்துத்தான் டிக் போட்டேன். நம் கிள்ளானில் சாலைக் கோடு பார்த்து ஓடும் வசதி படும் பாட்டை மூன்றாவது வாரமே எழுதினேன், பழைய கோட்டை அரைகுறையாக அழித்துவிட்டுப் பக்கத்திலேயே புதுக்கோடு போட்டிருக்கிறார்கள், எந்தக் கோடு நிஜம் என்று எனக்கே தெரியாதபோது கார் பாவம் என்ன செய்யும். பெடரல் ஹைவேயில் முன்னால் போன லோரியின் முதுகில் 80 என்று வட்டமாக ஒட்டியிருந்ததைப் பார்த்து, சாலையின் வேகமே எண்பது என்று கார் எனக்குக் கண்டிப்பு காட்டியது. இதற்கெல்லாம் மேலே மூசாவின் கடை. லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கிறாரே, தீபாவளி வியாபாரத்துக்கு முன்கூட்டியே சேலை கட்டிய பொம்மைகளை நடைபாதையின் ஓரம் வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பினால் கார் மெதுவாகி நின்றேவிட்டது, திரையில் நாலு ஆள் உருவம். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். மூசா கடையிலிருந்து ஓடிவந்து, 'ஆன்டி, ரொம்ப மரியாதை தெரிஞ்ச கார் லா, என் பொம்மைக்கெல்லாம் வழி விடுது' என்றார். அதையும் எழுதினேன், அதைப் படித்து உங்கள் ஆபீஸே சிரித்தது என்று நீ சொன்னாய். காரிலிருந்து விவரம் நேராக உங்களுக்கு வரும் வசதியை மட்டும் நான் அணைத்து வைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் பேங்கில் இருந்தவள், நான் எங்கே எப்போது போகிறேன் என்பதை ஒரு மெஷின் யாருக்கோ சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. நீயும், 'சரி, நீங்க எழுதினா போதும்மா' என்றாய்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜையன்று காரைக் கழுவி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். சந்தனத்தைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்து, ஸ்டூல் போட்டு ஏறி, முன் கண்ணாடியின் உச்சியில் நட்டநடுவே மூன்று விரலால் பெரிதாகத் தடவி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். காருக்கு நெற்றி அதுதானே. காருக்குக் கேமரா இருப்பதும் அதே இடத்தில்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, நீயே வீடியோ காலில் காட்டிக் கொடுத்திருக்கிறாய். மறுநாள் காரைக் கிளப்பியதும் டிங் டிங் என்று மணி அடித்து, முன் கேமரா மறைந்திருக்கிறது, கண்ணாடியைத் துடைக்கவும் என்று மஞ்சள் எழுத்து வந்தது. ஓகேயை அமுக்கிவிட்டுப் போய்விட்டேன். தினமும் வந்தது, தினமும் அமுக்கினேன். மழையில் கரைந்து வைப்பர் இழுத்துவிட்டால், வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து மறுபடி வைத்தேன். ஏன் துடைக்கவில்லை என்று கேட்பாய். அப்பா போன பதினாறாம் நாள் கூடத்தில் உட்கார வைத்து என் நெற்றியைத் துடைத்தார்கள். 'இந்தக் காலத்துல எதுக்கு இதெல்லாம்' என்று நீ ஒருத்திதான் சத்தம் போட்டாய், நான் நெற்றியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷம் ஆகிறது. அன்றைக்கு ஸ்டூலில் நின்று குங்குமத்தைத் தொட்டபோது விரலுக்குப் பழைய பழக்கம் திரும்பி வந்தது, எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது வைஷு. வைத்த பொட்டை ஈரத்துணி எடுத்துத் துடைக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம், பெரிய சாஸ்திரம் ஒன்றும் இல்லை.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம்தான் அந்த இடி. பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு வருகிறேன், டிராபிக் லைட்டில் சிவப்பு. முன்னால் மோட்டார் சைக்கிளில் நிற்பது நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை ஹாசிம். கார் தானாக பிரேக் போடவில்லை, போய் அவர் பின்னால் இடித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன், படிவத்திலும் அப்படியே எழுதினேன். அது பொய் இல்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி இது. அந்த நேரத்தில் நான் சாலையைப் பார்க்கவில்லை. யூனிட் நம்பர் பன்னிரண்டு புள்ளி ஏழுக்கு இறங்கியிருந்தது, பிரேக்கைத் தொடாமல் இப்படியே உருட்டிக்கொண்டு போனால் புள்ளி ஆறு வந்துவிடும், உன் சித்தப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது வந்தால் கார் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நினைப்பு. பார்க்கவேண்டிய கேமராவைச் சந்தனத்தால் நானே மூடி வைத்திருப்பது அந்த நேரத்தில் என் நினைவிலேயே இல்லை. நல்லவேளை, நடக்கிற வேகம்தான். ஹாசிம் விழவில்லை, நம்பர் ப்ளேட் மட்டும் இரண்டாக உடைந்தது. அந்த மனிதர் இறங்கி நேராக என் கண்ணாடிப் பக்கம் வந்து, 'ஆன்டி, உங்களுக்கு ஒன்னும் ஆவலியே? ப்ளேட்தான் லா, விடுங்க' என்றார். மறுநாள் புது ப்ளேட் மாட்டிக் கொடுத்தேன், அவர் பதிலுக்கு இறால் குழம்பை வீட்டுக்குக் கொண்டுபோகத் தாபாவ் கட்டிக் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாவது வாரப் படிவம். கார் மோட்டார் சைக்கிளைக் கண்டுகொண்டதா? இல்லை. பயணத்துக்கு முன்போ பயணத்தின்போதோ திரையில் எச்சரிக்கை எதுவும் வந்ததா? இதற்கும் இல்லை என்று டிக் போட்டேன். ஆம் என்று போட்டால் என்ன எச்சரிக்கை என்று கேட்கும், கேமரா என்று எழுதினால் நீ கூப்பிட்டு, 'மொதல்ல அதைத் துடைங்கம்மா' என்பாய். ஆயிரம் பேர் நிரப்பும் படிவத்தில் நம் ஒரு டிக் என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தேன். பேங்கில் இப்படி நினைத்தவர்களை நான் எத்தனை பேரை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் சித்தப்பாவோடு வடை சாப்பிடப் போனேன். வழக்கமாக உட்கார்ந்ததும் யூனிட் பேச்சை எடுக்கிறவர் அன்றைக்கு எடுக்கவில்லை. 'அண்ணி, வைஷ்ணவி ரொம்ப நொந்து போயிருக்கா, உங்ககிட்ட சொல்ல வேணாம்னா' என்று ஆரம்பித்தார். மோட்டார் சைக்கிளை அடையாளம் கண்டு நிறுத்தும் பகுதி, நீ இரண்டு வருஷமாக உட்கார்ந்து செய்தது, அதை அடுத்த அப்டேட்டில் சேர்க்காமல் எடுத்துவிடப் போகிறார்கள், இருபத்தெட்டாம் தேதி மீட்டிங்கில் முடிவு என்றார். ஏன் என்று கேட்டேன். வெயில் நாட்டுப் பட்டியலில் மொத்தமே பதினோரு குடும்பம்தானாம், ஆயிரம் இல்லை. அதில் ஒரே ஒரு படிவத்தில், எச்சரிக்கை எதுவும் இல்லாமல், நின்ற மோட்டார் சைக்கிளைக் கார் பார்க்கவே இல்லை என்று இருக்கிறதாம். அந்த அம்மா தப்பாக எழுதியிருக்கலாமே என்று உன் மேலதிகாரியே கேட்டாராம். நீதான் மாட்டேன் என்றாயாம். சித்தப்பா உன் வார்த்தையை அப்படியே சொன்னார்: 'எங்கம்மா முப்பத்திரண்டு வருஷம் பேங்க்ல இருந்தவங்க, தப்பா எழுத மாட்டாங்க. அவங்க இல்லன்னு எழுதினா இல்லதான்.' உன் சோதனைக் கணக்கெல்லாம் உன் வேலை சரி என்று சொல்லியும், என் ஒரு டிக்குக்காக நீயே உன் வேலையில் குறை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு வந்திருக்கிறாய். கடித்த வடையைத் தட்டிலேயே வைத்தேன். சித்தப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன், வீடு வரும் வரை எத்தனை யூனிட் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு, வழக்கமாகச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகிற நேரத்தில், ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டூலில் ஏறி நின்று கொஞ்ச நேரம் சும்மாவே நின்றேன், எதிர்வீட்டு ஆன்டி மாமரத்தில் ஏதோ பறிக்கிறேன் என்று நினைத்திருப்பார். சந்தனம் வெயிலில் காய்ந்து கெட்டியாகப் பிடித்திருந்தது, நாலைந்து தடவை ஊற வைத்துத் துடைத்தேன். அழுதேன், அதை உன்னிடம் மறைக்கவில்லை. துடைத்து முடித்துக் காரைக் கிளப்பினால் மணியும் இல்லை, மஞ்சள் எழுத்தும் இல்லை. பொட்டு இல்லாமல் விடவும் மனசு கேட்கவில்லை, முன் பம்பரில் எந்த இடத்தில் கேமராவோ சென்சாரோ இல்லை என்று கையேட்டைப் பார்த்து, நம்பர் ப்ளேட்டின் ஓரத்தில் சின்னதாக வைத்திருக்கிறேன். யூனிட் நம்பர் ஓடும் மூலையில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மறைத்துவிட்டேன். சித்தப்பா ஜெயித்துவிட்டுப் போகட்டும்.

இது மட்டும் என்றிருந்தால் கூட இன்னும் நாலு நாள் தள்ளிப் போட்டிருப்பேன், என்னை எனக்குத் தெரியாதா. நேற்று ஜெஞ்சாரோமுக்குப் போனேன். என்னோடு பேங்கில் இருந்த நல்லம்மாளுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பார்த்துவிட்டு, அவள் கொடுத்த மரவள்ளிக்கிழங்கைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறேன். சாலையோரம் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று நின்றிருந்தது. நான் அறுபதில்தான் வந்தேன், இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் சாலையில். லோரியைத் தாண்டப் போகும்போது அதன் மறைவிலிருந்து, தோட்டத்து மண் பாதை வழியாக ஒரு மோட்டார் சைக்கிள் நேராக என் முன்னால் வந்துவிட்டது. ஒரு பெண் ஓட்டுகிறாள், முன்னால் ஒரு சின்னப் பிள்ளை நின்றுகொண்டு கைப்பிடியைப் பிடித்திருக்கிறது. பார்த்தேன், காலை எடுத்தேன், என் கால் பிரேக்குக்குப் போய்ச் சேரவில்லை வைஷு. அதற்குள் கார் தானே பிரேக் போட்டுவிட்டது. பெல்ட் நெஞ்சை இறுக்கியது, கிழங்கெல்லாம் கீழே உருண்டது, கார் குலுங்கி நின்றபோது அந்தப் பிள்ளை என் பானெட்டுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது, நெற்றியில் கறுப்புப் பொட்டோடு என்னையே பார்த்தது. அந்தப் பெண் பயந்து போய் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். நிறுத்தியது நான் என்று நினைத்துக்கொண்டு போகிறாள். உன் பெயர் அவளுக்குத் தெரியாது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போன வாரம் இதே சாலையில் இதே நேரம் அந்தப் பொட்டோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

இத்துடன் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், அது உன் மேலதிகாரிக்கு. ஹாசிமை இடித்த தேதி, நேரம், கேமராவை நான் எதனால் மூடினேன், எச்சரிக்கை எத்தனை நாள் வந்தது, இடிக்கும்போது நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நேற்று என்ன நடந்தது எல்லாம் மறைக்காமல் எழுதி, கீழே முழுப்பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஒன்பதாவது வாரப் படிவத்தையும் தாளில் புதிதாக நிரப்பியிருக்கிறேன், எச்சரிக்கை வந்ததா என்ற கேள்விக்கு ஆம் என்று. விவரம் நேராக அனுப்பும் வசதியையும் நேற்றே திறந்துவிட்டேன், என் பேச்சை யாரும் அப்படியே நம்ப வேண்டாம், ஒத்துப் பார்க்கட்டும். உன்னை அங்கே தலைகுனிய வைத்துவிட்டேன் கண்ணு, அதற்கு என்னை மன்னித்துவிடு. கோபம் வந்தால் கூப்பிட்டுத் திட்டு, ரசப் பேச்சு எடுக்க மாட்டேன். எங்கம்மா தப்பா எழுத மாட்டாங்க என்று இனிமேல் யாரிடமும் சொல்லாதே. எழுதினால் திருத்திவிடுவாங்க என்று சொல்.

குளிரில் வெளியே நின்று காரைச் சோதிக்கும்போது முழங்காலுக்கு அந்தக் கம்பளிப் பட்டையைப் போட்டுக்கொள், தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது என்று தலைக்கு வைக்காமல் இருக்காதே. தைப்பூசத்துக்கு லீவு கேட்டிருக்கிறாயா? பத்துமலைக்கு நாம் இருவரும் போவோம், நீ ஓட்டு, நான் வாயை மூடிக்கொண்டு வருகிறேன். முருகன் உன்னையும் உன் கையால் செய்த வேலையையும் காப்பாற்றட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும். கூரியர் ஐந்து நாளில் வரும் என்றார்கள். வந்த அன்றைக்கே ஆங்கிலப் பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடு, அம்மா மானம் போய்விடுமே என்று பையில் வைத்துக்கொண்டிருக்காதே. இருபத்தெட்டாம் தேதி அந்த மீட்டிங்கில் நீ தலை நிமிர்ந்து உட்கார வேண்டும். அந்தப் பிள்ளை இன்றைக்குக் காலையில் எழுந்து பள்ளிக்கூடம் போயிருக்கும்.

தப்பாக டிக் போட்ட உன் அம்மா,
இந்திரா கண்ணப்பன்